மண் குளியல்

குழம்புக்கென்றுதான் வாங்கினேன்.
சம்பள நாள். காவேரிப்பட்டணம் சந்தை முனையில்
ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள்
ஆறு காடைகளைத் தள்ளிச்
சணல் கட்டிக் கொடுத்தான்.
அன்றைக்கென்று கேஸ் தீர்ந்துபோயிற்று.
விடிந்து பார்த்தால் பெட்டி மூலையில்
மை தெறித்த மாதிரி ஒரு முட்டை.
சென்னம்மாள் மூடியைப் பழையபடி சாத்தினாள்.
"ராத்திரி தங்கி முட்டையும் வச்சிட்டுது.
இனி இது என் அடுப்புக்கு வேணாம்."
அன்றைக்குக் கத்தரிக்காய்.

அது போன மாம்பழ சீசனில்.

முதல் வாரம் குக்கர் விசிலடித்தது.
பயந்தால் காடை ஓடாது,
நேர் மேலே எழும்பும்,
அங்கே வானம் இருக்கிறதென்று.
இருந்தது தகரம்.
உச்சந்தலை கிழிந்த பெட்டைக்கு
மஞ்சள் வைத்துவிட்டு
மறுநாளே பச்சை வலை வாங்கினேன்.
தகரத்துக்கு ஒரு சாண் கீழே
தொட்டில் துணி போலத் தளர்வாகக் கட்டினேன்.
முட்டி மோதினாலும் வலிக்காத வானம்,
மீட்டர் நாற்பது ரூபாய்.

கிளை வேண்டாம், உட்காரத் தெரியாது.
கையில் தூக்கினால் பிடிக்காது.
ஒளிய ஒரு கவிழ்த்த கூடை,
முழுகாமல் குடிக்க
கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு,
முட்டை ஓடு பொடித்த கிண்ணம்.
அவ்வளவுதான் கேட்கின்றன.
அப்புறம் மண்.

பர்கூர் ரோட்டில் கிரானைட் பாலிஷ் பட்டறை எனக்கு.
மாலையில் புருவம்வரை வெளுத்து வருவேன்.
படியிலேயே சட்டையை உதறி
ரெண்டு பக்கெட் ஊற்றிக்கொண்ட பிறகுதான்
கூண்டுப் பக்கம் போவேன்.
அந்தப் பொடி பறவைக்கு ஆகாது,
நெஞ்சில் இறங்கினால் திரும்பாதென்று
மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.
எனக்கு யாரும் சொன்னதில்லை.

தென்பெண்ணைக் கரையில் ஒரு பை மணல்.
சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து,
ஆறவிட்டு, சாம்பல் ஒரு கை.
தட்டை வைத்ததும்
நாலைந்தும் ஒரே நேரத்தில் விழுந்து
இறக்கையால் அள்ளி முதுகில் போட்டு
கழுத்தைச் சாய்த்துக் கண் செருகிக் கிடக்கும்.
குளித்து ஈரத்தோடு நிற்கிற நான்
அந்தக் குளியலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சேவலின் விரல் நுனியில்
எச்சம் உருண்டு காய்ந்து கல்லாகும்.
பிடுங்கினால் நகமும் வந்துவிடும்.
வெதுவெதுப்பான தண்ணீரில்
காலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.
எட்டு மணி நேரம் கல்லை அறுக்கிறவன்
மிளகளவு கல் ஒன்று
தானாகக் கரையட்டும் என்று
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கட்டைவிரலுக்கு அடியில்
அதன் நெஞ்சு படபடவென்று
பட்டறை மோட்டாரைவிட வேகம்.

மார்கழியில் முட்டை நின்றது.
"பல்பு போடு, பொழுது நீண்டா போடும்.
இல்லாட்டி சட்டியில போடு"
என்றான் மாடிவீட்டுத் திம்மராயன்.
சென்னம்மாள் பல்பு வாங்கவில்லை.
மாம்பழக் கூழ் ஃபேக்டரியில்
அவளுக்கும் சீசன் முடிந்து மூன்று மாதம்.
"எனக்கு லீவு, அதுகளுக்கும் லீவு."
தீவனத்தில் மட்டும்
அவள் குறைவைக்கவில்லை.

நேற்று ராத்திரி பெங்களூர் ரோட்டில்
லாரி டயர் வெடித்தது.
ஆறும் எழும்பின.
வலை பொம்மென்று புடைத்து
ஆறும் இறங்கின.
பாயிலிருந்து நானும் எழும்பி நின்றிருந்தேன்.
பட்டறைக்கு முன் ஏழு வருஷம்
குவாரியில் வெடி வைத்தவன்.
நெஞ்சைப் பிடித்தபடி நின்றவனை
இருட்டிலேயே பார்த்துச் சொன்னாள்:
"மிச்ச வலை பரண்மேல இருக்கு.
உனக்கும் கட்டட்டுமா?"

சிரித்துவிட்டுப் படுத்தோம்.
கூண்டில் ஏதோ ஒன்று
தூக்கம் கலைந்ததுதான் கலைந்தது என்று
மண்ணைக் கிளறத் தொடங்கியது.